டெம்சியர் வீட்டுப் பேர்

ஒக்லாந்தில், த்ரீ கிங்ஸ் பக்கம் குணவதி போகும் மருத்துவரிடம், காத்திருப்பு அறைக் கதவைத் திறந்து "மிஸ் டெம்ப்சி" என்று தாதி கூப்பிட்டால், இருப்பவர்கள் எல்லோரும் ஒரு வெள்ளைக்கார மனுசி எழும்புவாள் என்றுதான் பார்ப்பார்கள். எழும்புவது குணவதி. அறுபத்தொரு வயது, நெற்றியில் திருநீற்றுக் கீற்று, முழங்கால் வலி, கையில் மடித்து மடித்துப் பழசான கடைப் பை. தாதி தன் கையிலிருக்கும் தாளை ஒருமுறை பார்ப்பாள், குணவதியை ஒருமுறை பார்ப்பாள். "ஓம், நான்தான்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு குணவதி உள்ளே போய்விடுவாள். இந்த நாட்டுக்கு வந்த இருபத்தைந்து வருஷமாக இதுதான் நடக்கிறது. அவளுக்கு அது பழகிவிட்டது. தாதிகள்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பேரால் நன்மையும் இல்லாமல் இல்லை. வந்த புதிதில் அவளும் தம்பி வசீகரனும் வாடகை வீட்டுக்கு எழுதிப்போட்டால், செல்வரத்தினத்துக்கும் சற்குணத்துக்கும் வராத பதில் டெம்ப்சிக்கு அடுத்த நாளே வரும். வீட்டைப் பார்க்கப் போய்க் கதவைத் தட்டும்போதுதான் திறந்தவரின் முகம் ஒரு சுற்றுச் சுற்றி வரும். "பேர் போய் வீட்டைப் பிடிக்கும், நாங்கள் போய்க் கெடுப்பம்" என்று வசீகரன் சொல்வான். அவன் எதையும் பகிடியாக்கித் தாண்டிவிடுகிறவன். குணவதி அப்படி இல்லை.

யாழ்ப்பாணத்தில், வட்டுக்கோட்டைக்கு அடுத்த அவர்களுடைய ஊரில், டெம்ப்சி ஊர் வாயில் டெம்சி ஆகி, அந்தக் குடும்பத்தை 'டெம்சியர் ஆக்கள்' என்றுதான் சொல்வார்கள். வீடு டெம்சியர் வீடு, காணி டெம்சியர் வளவு. கோயில் திருவிழாவுக்கு உபயம் கொடுத்தவர்கள் பட்டியலில்கூட ஆறுமுகத்துக்கும் நாகலிங்கத்துக்கும் நடுவில் டெம்சி இருக்கும். சின்ன வயதில் அவளுக்கு அது வினோதமாகவே தெரிந்ததில்லை. புளியமரத்துக்கு ஏன் புளியமரம் என்று பேர் என்று யாராவது கேட்பார்களா?

ஊர் கேட்டது. அவளுக்கு இருபத்துமூன்று வயதில், சங்கானைப் பக்கத்து ஆசிரியர் ஒருவருக்கு அவளைப் பேசி, சாதகம் பொருந்தி, நாளும் பார்த்தபிறகு கேட்டது. ஒரு பின்னேரம் தரகர் வந்து, குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமல், கையிலேயே சுழற்றிக்கொண்டு சொன்னார்.

"அவையள் வேண்டாமெண்டுட்டினம். பேரைப் பற்றி ஆரோ கதைச்சிருக்கினம். முந்தி ஒரு பட்டாளத்துக்கார வெள்ளைக்காரன் விட்டிட்டுப்போன வித்தாம்."

யோசித்துப் பார்த்தால் அந்த ஊர்க் கணக்கில் அது பிழையில்லாத முடிவுதான். ஒருவனுடைய பேரோடு ஒட்டி வருவது அவன் தகப்பனுடைய பேர். இதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே முறை. செல்வரத்தினம் நடராசா என்றால் நடராசாவின் மகன் செல்வரத்தினம். அப்படியென்றால் கதிர்வேலு டெம்சி என்று ஒருவன் இருந்திருந்தால், டெம்சி என்று அவனுக்கு ஒரு தகப்பன் இருந்திருக்கத்தானே வேண்டும்? கதிர்வேலு, குணவதியின் பூட்டனைப் பெற்றவர். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து வாத்தியாராக இருந்தார் என்பதற்குமேல் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

"எங்க இருந்து வந்த பேரெண்டு சொல்லித் துலையுங்கோவன்" என்று அம்மா அன்றைக்கு அழுதாள்.

"தெரிஞ்சால் சொல்லமாட்டனோ?" என்று சொல்லிவிட்டு, அப்பா எழும்பி மிளகாய்க் கன்றுகளுக்கு வாய்க்காலில் தண்ணி மாறிவிடப் போய்விட்டார். அவர் தெரியாமல்தான் சொன்னாரா, தெரிந்து மறைத்தாரா என்பது குணவதிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதனால்தான் அவள் கலியாணம் கட்டவில்லை என்று சொல்லிவிட முடியாது. பிறகு சண்டை வந்தது, இடப்பெயர்வு வந்தது, அம்மாவுக்கு நோய் வந்தது. வந்த இரண்டொரு பேச்சுகளை அவளே வேண்டாம் என்றாள். ஆனால் தன்னை வேண்டாம் என்ற அந்த முதல் வீட்டுக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாமல் நின்றது மட்டும் அவளுக்குள் எலும்பு மாதிரி கிடந்தது. உறுத்தாது. ஆனால் இருக்கிறது என்று தெரியும்.

இப்போது ராகவி. வசீகரனின் ஒரே மகள். ஒக்லாந்தில் பிறந்தவள், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. அங்கேயே வேலை செய்யும் மதன்குமாரைத் தானாகவே பார்த்து, தானாகவே முடிவெடுத்து, பிறகு பெரியவர்களுக்கு அறிவித்தாள். பெடியனின் குடும்பம் ஈரோட்டிலிருந்து வந்து வெஸ்ட்கேட்டில் வீடு கட்டிக்கொண்டவர்கள். தகப்பன் குமாரசாமி, தாய் சுந்தரி. நல்ல மனிசர். அதுதான் குணவதிக்கு இன்னும் பயமாக இருந்தது. நல்ல மனிசர் 'வேண்டாம்' என்று சொல்லும்போது அவர்களோடு கோபிக்கவும் முடியாது.

முதல்தரம் பெண் பார்க்க என்று வசீகரன் வீட்டுக்கு வந்த அன்றே, வடையைப் பிட்டுக்கொண்டு குமாரசாமி கேட்டுவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. நெத்தி நெறைய விபூதி வச்சிருக்கீங்க, பேரு மட்டும் டெம்ப்சிங்கிறீங்க. அது எப்படி?"

சமையலறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த குணவதிக்கும் அது கேட்டது.

"அது எங்கட பாட்டா வேலை செய்த கம்பனியின்ர பேர்" என்றான் வசீகரன், கண்ணிமைக்காமல். "டெம்ப்சி அன் கம்பனி."

"அட, அப்படியா. நல்லதாப் போச்சு. எங்க பக்கத்துல நிச்சயத்தன்னைக்கி ரெண்டு வீட்டு வம்சத்தையும் சபையில வாசிக்கிறது வழக்கம். எங்க அண்ணன் ஊர்லேருந்து வர்றாரு, அவருதான் வாசிப்பாரு. பெரியவங்க பேரெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க. அந்தக் கம்பெனியப் பத்தியும் ரெண்டு வரி போட்டுருங்க."

நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து கிழமை இருந்தது.

கார் போனதும் குணவதி தம்பியைப் பிடித்தாள். "என்ன கம்பனியடா? எந்தப் பாட்டா கம்பனியில வேலை செய்தவர்? அவர் புகையிலைத் தோட்டம் செய்தவர்."

"வேற என்ன சொல்லச் சொல்லுறியள் அக்கா? வெள்ளைக்காரப் பட்டாளத்தான் கதையைச் சொல்லவோ?"

"நாளைக்கு ஊரில ஆரும் அவையளுக்குச் சொன்னால்? பொய்யும் சேர்ந்தெல்லோ நாறும்."

"கிண்டாமல் விடுங்கோ. கிணறு வெட்டப் பூதம் வந்தால் ஆர் பிடிச்சுக் கட்டுறது?"

"பூதம் வந்தால் வரட்டும். என்னெண்டாலும் நான் வாயாலை சொல்லத்தான் போறன். இவளும் என்னை மாதிரி முழிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது."

வசீகரனின் மனைவி கௌரி கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "மச்சாள் சொன்னால் சொன்னதுதான். நீங்கள் உங்கட கம்பனியை இழுத்து மூடுங்கோ."

பூதத்தைத் தேட ஒரு ஆள் குணவதிக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தார். நாலு வருஷமாக அவள் ஒளித்துத் திரிவதே அவருக்குத்தான்.

பக்குரங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை அவளுக்கு. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, வாயில் சாப்பாடு தீத்துவது. அங்கே இருந்த ஒரு முதியவரின் பேர் டெஸ்மண்ட் டெம்ப்சி. அவரைப் பார்க்கச் செவ்வாயும் வெள்ளியும் தம்பிக்காரர் பிரையன் வருவார். குழாய் வேலை செய்து ஓய்வுபெற்றவர், எழுபத்திரண்டு வயது, வீட்டுக்குள்ளும் கழற்றாத தொப்பி. முதல் நாளே குணவதியின் நெஞ்சிலிருந்த பேரட்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சிரித்தார். "டெம்ப்சியா? அப்படியானால் நாம் சொந்தக்காரர்." அன்றிலிருந்து அவருக்கு அவள் 'கசின்'. டெம்ப்சி குடும்பங்களின் சங்கம் ஒன்றுக்கு அவர்தான் செயலாளர். வருஷா வருஷம் ஒன்றுகூடலுக்கு அழைப்பார். "உங்கள் பக்கம் எந்த வழி?" என்று கேட்பார். குணவதி உடனே யாருக்காவது போர்வை மாற்ற வேண்டியிருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவாள். இவர் தோண்டினால், ஊர் சொன்னது உண்மையென்று ஆகிவிடும். தன் பேருக்கு மேல் அந்தச் சிரித்த முகம் ஒரு சாட்சி மாதிரி நிற்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அவளாகவே தேநீர் அறைக்குப் போய் அவருக்கு எதிரில் இருந்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஆசிரியர் மாப்பிள்ளையையும் தரகரின் கோப்பையையும்கூட விடாமல், எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அதை முழுசாகச் சொன்னது ஒரு வெள்ளைக்காரக் குழாய் வேலைக்காரரிடம் என்பதை நினைக்க அவளுக்கே சிரிப்பாக இருந்தது.

பிரையன் தொப்பியைக் கழற்றினார்.

"முதலில் பேரைப் பற்றிச் சொல்கிறேன்" என்றார். "எங்கள் ஆட்களிடமும் முதலில் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன், அவ்வளவுதான். பேருக்கு முன்னால் 'ஓ' என்று வரும். அதற்கு அர்த்தம் பேரன், வழிவந்தவன். எங்களுடைய முதல் ஆளின் பேருக்கு அயர்லாந்து மொழியில் கர்வம் பிடித்தவன் என்று அர்த்தம். அவன் வழிவந்தவர்கள் டப்ளினுக்கு மேற்கே காணி பூமியோடு இருந்தார்கள். இங்கிலாந்துக்காரனோடு மோதிக் காணி போனது. அவன் ஆட்சியில் முன்னால் இருந்த 'ஓ'வும் போனது. கடைசியில் பேரும் கர்வமும்தான் மிச்சம்."

"எங்கட வீட்டிலயும் அந்த இரண்டும்தான் மிச்சம்" என்றாள் குணவதி.

அவர் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"கசின், நானும் ஒன்று சொல்ல வேண்டும். நான் டெம்ப்சியே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் பழைய தாள்களைப் புரட்டியபோதுதான் கண்டுபிடித்தேன். என் தாத்தா லிவர்பூல் கப்பலில் வேலைக்கு வந்தவர். இந்தத் துறைமுகத்தில் இறங்கி, கப்பலை விட்டு ஒரே ஓட்டம். பொலிஸ் தேடியிருக்கிறது. விடுதி நடத்திய ஒரு மிசிஸ் டெம்ப்சி, இவன் என் மருமகன் என்று சொல்லி வீட்டில் வைத்திருந்திருக்கிறாள். அந்தப் பேரிலேயே கலியாணம் கட்டி, ஒன்பது பிள்ளையும் பெற்றார். சொந்தப் பேர் கிளெக்."

"சங்கத்துக்குத் தெரியுமோ?"

"செயலாளரிடம் யார் கேட்பார்கள்?" என்றார் பிரையன். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "உங்களுக்காவது உண்மையான டெம்ப்சி ரத்தம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டடத்திலேயே ஒரு ஆளாவது."

குணவதிக்கு அவரை அடிப்பதா, தேநீர் ஊற்றிக் கொடுப்பதா என்று தெரியவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். தான் நாற்பது வருஷமாக எதற்குப் பயந்தாளோ, அதற்கு ஒரு மனிதர் ஆசைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மிசன் பள்ளிக்கூடம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிரையன் வேலையைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் அந்தப் பள்ளிக்கூடங்களை நடத்தியவர்கள் அமெரிக்கப் பாதிரிமார். அவர்களுடைய கடிதங்களும் பதிவேடுகளும் அமெரிக்காவில் ஒரு நூலகத்தில் இருக்கின்றன. அங்கே எழுதினார். பதில் இல்லை. திரும்ப எழுதினார். கதிர்வேலு என்ற பேரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று கேட்டுக் குணவதியிடம் ஒரு தாள் நிறைய வாங்கிக்கொண்டு போனார். வசீகரன் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் "கம்பனி திறந்தோ, பூட்டோ?" என்று கேட்டான். அவன் குரலில் பகிடி குறைந்துகொண்டே வந்தது. ஒரு கிழமை தாளை எழுதிவிட்டதாகச் சொன்னான். மறுகிழமை கிழித்துவிட்டதாகச் சொன்னான்.

நிச்சயதார்த்தத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை, குணவதி ஒரு முதியவளைக் குளிப்பாட்டித் துவட்டிக் கதிரையில் இருத்திக்கொண்டிருந்தபோது பிரையன் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு உறை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லதோ, கெட்டதோ?" என்றாள் குணவதி.

"எனக்குக் கொஞ்சம் கவலை" என்றார் அவர். "உங்களுக்கு இருக்காது."

கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நடைபாதை யன்னலடியில் நின்று அவள் தாளைப் பார்த்தாள். பழைய கையெழுத்துப் பதிவேடு ஒன்றின் பிரதி. கட்டம் கட்டமாகக் கோடு. பதினேழு பையன்களின் பேரும் ஊரும். ஒவ்வொருவனுக்கும் இரண்டு பேர்: வீட்டுப் பேர், கொடுத்த பேர். ஒன்பதாவது வரியில் கதிர்வேலு. வயது ஏழு. கொடுத்த பேர் ஜேம்ஸ் டெம்ப்சி.

அதற்கு அடுத்த கட்டத்தைத்தான் அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். தகப்பன் சின்னக்குட்டி, தோட்டம் செய்யும் கமக்காரன், உயிரோடு இருக்கிறார். பையனைத் தானே கூட்டிவந்து விட்டார்.

கடைசிக் கட்டத்தில், செலவு யாருடையது என்று இருந்தது. மாசச்சூசெற்ஸில் ஒரு நெசவாலை ஊர்த் தேவாலயச் சபையின் பெண்கள். அயர்லாந்தில் பிறந்து அந்த ஆலையில் வேலை செய்து இறந்துபோன ஜேம்ஸ் டெம்ப்சியின் நினைவாக.

"அந்தக் காலத்து வழக்கமாம்" என்றார் பிரையன். "ஒரு பையனுடைய சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் யார் கொடுக்கிறார்களோ, அவர்கள் விரும்பிய பேரைப் பையனுக்கு வைப்பார்களாம். நூலகக்காரி எழுதியிருக்கிறாள். இதுபோல நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம்."

பட்டாளத்துக்காரன் இல்லை. அந்த வெள்ளைக்காரன் யாழ்ப்பாணத்தில் கால் வைத்ததேயில்லை. கதிர்வேலுவுக்கு அந்தப் பேர் கிடைக்க முன்பே அவன் செத்துப்போயிருந்தான். கதிர்வேலுவுக்குத் தகப்பன் இருந்தான். மகனின் கையைப் பிடித்து நடந்து வந்து, பேர் எழுதுமட்டும் பக்கத்தில் நின்றிருக்கிறான்.

குணவதி யன்னல் நிலையில் சாய்ந்துகொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது பசி. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரையன் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் யன்னலடியில் நின்று, ஒரு சொட்டு டெம்ப்சி ரத்தமும் இல்லாமல், பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

அன்று பின்னேரம் தம்பி வீட்டு மேசையில் தாளை விரித்தாள். வசீகரன் வாசித்துவிட்டுக் கதிரையில் பின்னால் சாய்ந்தான். அவன் தோள் இரண்டும் இறங்கியதைக் கௌரி பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் தூக்கி வைத்திருந்தது அவனுக்கே தெரிந்திராது.

"சின்னக்குட்டி" என்றான். "ஒரு வடிவான பேரா வச்சிருக்கக்கூடாதோ."

"சோத்துக்குக் கிறிஸ்தவ வேதத்தில சேர்ந்தவையள் எண்டு சொல்லுங்கோ" என்றாள் கௌரி. "சாப்பாடு முடியத் திரும்பித் திருநீறு பூசியிட்டினம்."

"பூசினவர். ஆனால் காணி உறுதிப் பத்திரம் அந்தப் பேரிலை. காணியை விடேலாமல் பேரையும் விடேல்லை" என்றான் வசீகரன்.

குணவதி பட்டியலில் விரலை ஓட்டினாள். "இதைப் பார். பதினேழில மூண்டு பெடியள் சங்கானை, என்னை வேண்டாமெண்ட ஊர். அவையளின்ர பிள்ளையளும் இப்படிப் பேரோடதானே திரிஞ்சிருப்பினம். அவையள் பேரைக் கழட்டிப் போட்டினம், நாங்கள் கழட்டேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

ராகவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பட் மாமி," என்றாள், "அது சோல்ஜராவே இருந்திருந்தா? ஸோ வாட்?"

குணவதி பட்டியலிலிருந்து விரலை எடுத்தாள். தான் இவ்வளவு ஆறுதலடைந்ததில் ஒரு சின்ன வெட்கம் இருக்கத்தான் செய்தது. ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பெண்ணுக்கு உண்மையாகவே அப்படி நடந்துதானிருக்கும். அவள் பேரப்பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்?

"ஒண்டுமில்லைத்தான் பிள்ளை" என்றாள். "அப்படியெண்டாலும் சொல்லத்தான் இருந்தனான். ஆனால் தெரியாமல் இருக்கிறது இருக்கே, அது பெரிய கரைச்சல். ஆரும் என்னத்தையும் அதுக்குள்ள போட்டு நிரப்பலாம்."

அடுத்த சனிக்கிழமை வெஸ்ட்கேட்டில், குமாரசாமி வீட்டு வரவேற்பறை நிறைய ஆட்கள். தாம்பாளங்களில் பழமும் பூவும். ஈரோட்டிலிருந்து வந்த அண்ணன் பெரியவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுத் தலைமுறைகளைக் கணீரென்று வாசித்து முடித்தார். பிறகு பெண் வீட்டுத் தாளை எடுத்தார். இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தினார்.

"இதுல இங்கிலீஷ் பேரு வருதே. எனக்கு வாய்ல வராதுங்க. பெண் வீட்டுக்காரங்களே வாசிச்சுருங்க."

வசீகரன் அக்காவைப் பார்த்தான். குணவதி எழும்பினாள். சபையில் பெண் வாசிப்பது அவர்கள் பக்கத்து வழக்கமா என்று அவள் கேட்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. சின்னக்குட்டியிலிருந்து தொடங்கினாள். சின்னக்குட்டியின் மகன் கதிர்வேலு. ஏழு வயதில் பள்ளிக்கூடம் போனார். கடல் கடந்த ஊரில் சில பெண்கள் சேர்ந்து அவரைப் படிக்கவைத்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி, இறந்துபோன ஒரு அயர்லாந்து நெசவாளியின் பேரை அவருக்கு வைத்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் டெம்ப்சி. பிறகு பூட்டன், பாட்டன், அப்பா, தம்பி, ராகவி. குரல் நடுங்கும் என்று பயந்திருந்தாள். நடுங்கவில்லை. கொஞ்சம் அதிகமாகவே சத்தமாக வாசித்துவிட்டாள் என்று பிறகு கௌரி சொன்னாள்.

வாசித்து முடித்துத் தாளை மடித்தாள். குணவதி குமாரசாமியின் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்கு முன் பார்க்கக் கிடைக்காத ஒரு முகத்தை அங்கே தேடுகிறவள் மாதிரி.

"படிக்க வச்சவங்க பேரா?" என்றார் குமாரசாமி. "நல்ல விஷயங்க அக்கா. அப்ப சம்பந்தி, அந்தக் கம்பெனி?"

"அதுவும் ஒரு கம்பனி மாதிரித்தான்" என்றான் வசீகரன், காதுவரை சிவந்துபோய். "நெசவுக் கம்பனி."

"நெசவா? எங்க ஈரோடே நெசவுதானுங்களே" என்று அண்ணன் பெரியவர் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு பேச்சு தறிக்குப் போய், நூல் விலைக்குப் போய், வெஸ்ட்கேட் போக்குவரத்துக்கு வந்து சேர்ந்தது. சுந்தரி தட்டுகளைக் கொண்டுவந்து, "தட்டு மாத்திட்டுச் சாப்பிடுவோம், ஆறிடும்" என்று எல்லோரையும் எழுப்பினாள்.

அவ்வளவுதான். ஒருவரும் அவளை இன்னொரு கேள்வி கேட்கவில்லை. இவ்வளவு காலம் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைத்தால், அதைச் சுற்றி நின்று பார்க்கக்கூட ஆள் இல்லை. குணவதிக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை. ஆனால் பந்தியில் இருந்ததும் அது போய்விட்டது. சுந்தரி வந்து கேசரி வைக்கும்போது, "போதுங்களா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் வையுங்கோ" என்றாள் குணவதி.